விண்டோஸ் விஸ்டாவும் விஷுவல் ஸ்டுடியோ ஆதரவும்: ஒரு விமர்சனம்

ஒரு புதிய இயங்குதளம் வெளிவரும்போது பயனர்கள் கேட்கும் முதல் கேள்வி, தங்கள் மென்பொருள்கள் அதில் இயங்குமா என்பது. அம்மென்பொருள்களை எழுதும் நிரலாளர்களுக்கு அதற்கு முன்பே இன்னொரு கேள்வி எழுகிறது: நிரல் எழுதும் கருவி அதில் இயங்குமா? 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விண்டோஸ் விஸ்டா வெளிவரவிருந்த வேளையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்விரு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடைகளை அளித்தது. டாட் நெட் 1.1 கொண்டு எழுதப்பட்ட மென்பொருள்கள் விஸ்டாவில் இயங்கும் என்றது. அவற்றை எழுதப் பயன்பட்ட விஷுவல் ஸ்டுடியோ டாட் நெட் 2003க்கு விஸ்டாவில் ஆதரவு இல்லை என்றது.

இம்முடிவின் பின்னணி, அதற்கான தொழில்நுட்பக் காரணங்கள், அதனால் யார் எவ்வாறு பாதிக்கப்பட்டனர் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய கருவி ஒன்றைக் கைவிடுவது எந்த நிறுவனத்துக்கும் உரிய உரிமையே. மென்பொருளை இயக்குவதற்கு அளித்த உறுதிக்கும் அதைத் திருத்துவதற்கு அளித்த உறுதிக்கும் இடையே இருந்த இடைவெளியை நிரப்பாமல் விட்டதே மைக்ரோசாஃப்டின் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பின்னணி

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கு அடுத்த பதிப்பை "லாங்ஹார்ன்" என்ற குறிப்பெயரில் மைக்ரோசாஃப்ட் உருவாக்கி வந்தது. 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த தொழில்முறை நிரலாளர் மாநாட்டில் லாங்ஹார்ன் விரிவாக அறிமுகப்படுத்தப்பட்டது. புதிய வரைகலை அடுக்கு, புதிய தகவல்தொடர்பு அடுக்கு, வின்எஃப்எஸ் என்னும் கோப்புச் சேமிப்பு முறை ஆகியவை அங்கே நிரலாளர்களுக்கு முன்வைக்கப்பட்டன.

அக்காலத் திட்டத்தில் கருவிகளுக்கும் தெளிவான இடம் இருந்தது. "விட்பி" என்ற குறிப்பெயர் கொண்ட விஷுவல் ஸ்டுடியோ முதலில் வரும். அதன்பின் "ஆர்க்காஸ்" என்ற குறிப்பெயர் கொண்ட பதிப்பு லாங்ஹார்னோடு சேர்ந்து வரும். அதாவது புதிய இயங்குதளமும் அதற்கென்றே செய்யப்பட்ட கருவியும் ஒரே காலத்தில் நிரலாளர் கைக்கு வந்து சேரும் என்பதே எண்ணம்.

இந்த எண்ணம் ஈடேறவில்லை. 2004 ஆகஸ்டில் லாங்ஹார்ன் திட்டம் பெருமளவு மாற்றியமைக்கப்பட்டது. வின்எஃப்எஸ் நீக்கப்பட்டது. புதிய வரைகலை, தகவல்தொடர்பு அடுக்குகளை எக்ஸ்பியிலும் தருவதாக அறிவிக்கப்பட்டது. விட்பி, விஷுவல் ஸ்டுடியோ 2005 என்ற பெயரில் 2005 இறுதியில் வெளிவந்தது. லாங்ஹார்ன், விண்டோஸ் விஸ்டா என்ற பெயரில் 2006 நவம்பர் 30 அன்று வணிக நிறுவனங்களுக்கும் 2007 ஜனவரி 30 அன்று பொதுப் பயனர்களுக்கும் வந்தது. ஆர்க்காஸ், விஷுவல் ஸ்டுடியோ 2008 என்ற பெயரில் 2007 நவம்பரில்தான் தயாரானது. இயங்குதளம் முன்னே வந்துவிட, அதற்குரிய கருவி ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியது. இனி விளக்கப்படும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஓராண்டு இடைவெளியில் எழுந்தவை.

அறிவிப்பு

விஸ்டா வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2006 செப்டம்பரில், எந்தெந்தக் கருவிகளுக்கு விஸ்டாவில் ஆதரவு உண்டு என்பதை மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. அப்போது நிறுவனத்தின் நிரலாளர் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் எஸ். சோமசேகர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்றவர். அறிவிப்பின் சாரம் மூன்று வரிகளில் அடங்கும்.

விஷுவல் ஸ்டுடியோ 2005க்கு, சர்வீஸ் பேக் 1 நிறுவப்பட்டிருந்தால், ஆதரவு உண்டு. 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6க்கு ஆதரவு உண்டு. 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளிவந்த விஷுவல் ஸ்டுடியோ டாட் நெட் பதிப்புகளுக்கு ஆதரவு இல்லை.

ஆதரவு இல்லை என்பதன் பொருளை மாணவர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அக்கருவி விஸ்டாவில் திறக்கவே திறக்காது என்பது அதன் பொருளாகாது. எச்சரிக்கைச் செய்தியைக் கடந்து அதை நிறுவவும், சில வேலைகளைச் செய்யவும் இயலும். ஆனால் ஏதேனும் பழுது நேர்ந்தால் நிறுவனம் அதைச் சரிசெய்து தராது. தனியாகக் கற்றுக்கொள்பவருக்கு இவ்வேறுபாடு பெரிதில்லை. வாடிக்கையாளருக்குப் பொறுப்பேற்று மென்பொருள் தரும் நிறுவனத்துக்கு இதுவே எல்லாம். ஆதரவு இல்லாத கருவியைக் கொண்டு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ மென்பொருள் செய்து கொடுக்க எந்த மேலாளரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தொழில்நுட்பக் காரணங்கள்

விஸ்டாவின் மையமான மாற்றம் பயனர் கணக்குக் கட்டுப்பாடு. எக்ஸ்பியில் பெரும்பாலோர் நிர்வாகி உரிமையுடனேயே கணினியைப் பயன்படுத்தினர். அவர்கள் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அதே உரிமையைப் பெற்றது. தீநிரல்களுக்கு இது திறந்த வாசலாக அமைந்தது. விஸ்டாவில் நிர்வாகி உள்நுழைந்தாலும் அவர் திறக்கும் நிரல்கள் சாதாரணப் பயனரின் உரிமையோடுதான் தொடங்கும். கூடுதல் உரிமை வேண்டுமெனில் திரையில் ஒப்புதல் கேட்கப்படும்.

விஷுவல் ஸ்டுடியோ இதற்கு நேரெதிரான காலத்தில் வளர்ந்த கருவி. நிரலாளர் நிர்வாகியாகத்தான் இருப்பார் என்ற அனுமானம் அதன் பல பகுதிகளில் படிந்திருந்தது. காம் வகைக் கூறு ஒன்றை உருவாக்கும்போது அதைக் கணினியின் பதிவகத்தில் பதிய வேண்டும். அதற்கு நிர்வாகி உரிமை தேவை. வேறொரு கணக்கின் கீழ் இயங்கும் வலைச் செயலியின் பிழைதிருத்தத்துக்கும் அதே உரிமை தேவை.

வலைத்தளம் உருவாக்குவோருக்குச் சிக்கல் இன்னும் கூடுதலாக இருந்தது. 2005 பதிப்பில் சிறிய வலைவழங்கி ஒன்று கருவியுடனேயே வந்தது. 2003 பதிப்பில் அது இல்லை. ஏஎஸ்பி டாட் நெட் வேலை செய்ய விண்டோஸின் ஐஐஎஸ் வழங்கியையே அது நம்பியிருந்தது. விஸ்டாவிலோ ஐஐஎஸ் 7 என்ற, உள்ளமைப்பு முழுவதும் மாற்றி எழுதப்பட்ட பதிப்பு வந்தது. பழைய அமைப்பு முறையை நாடும் மென்பொருள்களுக்காகத் தனி இணக்கப் பகுதி ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது.

ஆகவே 2003 பதிப்பை விஸ்டாவில் முறையாக இயக்குவது ஓரிரு வரி திருத்தத்தில் முடியும் வேலை என்று சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொண்ட பின்னரே விமர்சனத்துக்குள் செல்வது முறை.

இயக்க உறுதியும் திருத்த உறுதியும்

விஷுவல் ஸ்டுடியோவின் அக்காலப் பதிப்புகளில் ஒரு கண்டிப்பான பிணைப்பு இருந்தது. 2002 பதிப்பு டாட் நெட் 1.0க்கு மட்டும் நிரல் உருவாக்கும். 2003 பதிப்பு 1.1க்கு மட்டும். 2005 பதிப்பு 2.0க்கு மட்டும். ஒரே கருவியில் இருந்துகொண்டு எந்தப் பதிப்புக்கு நிரல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உள்ளமைந்த வசதி கிடையாது.

இப்பிணைப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் அறிவிப்பின் உண்மையான விளைவு தெரியும். டாட் நெட் 1.1 விஸ்டாவில் இயங்க ஆதரவு உண்டு. எனவே ஒரு நிறுவனம் 2003இல் எழுதிய கணக்கு மென்பொருளை அதன் வாடிக்கையாளர் விஸ்டாவில் நிறுவிப் பயன்படுத்தலாம். அதில் ஒரு பிழை தெரியவந்து, அதைச் சரிசெய்ய வேண்டுமானால் நிரலாளருக்கு 2003 பதிப்பு தேவை. அது விஸ்டாவில் ஆதரவற்றது. ஆக, மென்பொருள் இயங்கும் கணினியில் அதைத் திருத்த முடியாது. திருத்தும் கணினியில் புதிய இயங்குதளம் இருக்க முடியாது.

வாடிக்கையாளர்கள் ஒருபுறம் விஸ்டாவுக்கு மாறிக்கொண்டிருக்க, அவர்களுக்கு மென்பொருள் தருபவர்கள் எக்ஸ்பியிலேயே தங்க வேண்டிய நிலை இவ்வாறு ஏற்பட்டது. விஸ்டாவின் புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப நிரல்களைத் திருத்த வேண்டியவர்களும் இவர்களே. அவ்விதிகளை அன்றாடம் எதிர்கொள்ளாத கணினியில் அமர்ந்து அத்திருத்தத்தைச் செய்ய வேண்டியிருந்தது. புதிய தளத்துக்கு நல்ல மென்பொருள் வேண்டும் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த நோக்கத்துக்கே இது எதிரானது.

கால வரிசையையும் கவனிக்க வேண்டும். 2003 பதிப்புக்கான சர்வீஸ் பேக் 1 வெளிவந்தது 2006 ஆகஸ்டில். அதற்கு அடுத்த மாதமே, அதே பதிப்புக்கு விஸ்டாவில் ஆதரவு இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அப்பதிப்பின் முதன்மை ஆதரவுக் காலம் 2008 அக்டோபர் வரை இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் ஆதரவுக் காலம் இன்னும் இரண்டாண்டு மீதமிருக்கையில், அது நிறுவனத்தின் அடுத்த முதன்மை இயங்குதளத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. ஆதரவுக் காலம் என்பது பழைய இயங்குதளங்களை மட்டுமே குறிக்கும் என்று வாதிடலாம். வாங்கியவர் அப்படிப் புரிந்துகொண்டுதான் வாங்கினாரா என்பது வேறு கேள்வி.

2005க்கு மாறுவதன் விலை

"2005 பதிப்புக்கு மாறிவிடுங்கள்" என்பதே மைக்ரோசாஃப்டின் மறைமுகமான அறிவுரை. புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்கு அது நல்ல அறிவுரை. 2006 ஏப்ரல் முதல் எக்ஸ்பிரஸ் பதிப்புகள் நிரந்தரமாக இலவசம் என்றானதால் மாணவர்களுக்கும் தொடக்கநிலையினருக்கும் செலவும் இல்லை. ஏற்கெனவே பெரிய மூலநிரலை வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு.

வலைச்செயலிகளை எடுத்துக்கொள்ளலாம். 2003 பதிப்பில் ஒரு வலைச்செயலிக்குத் திட்டக்கோப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள எல்லா நிரலும் ஒரே தொகுப்பாக உருவாகும். 2005 பதிப்பு இம்முறையைக் கைவிட்டு, ஒரு கோப்புறையில் இருப்பதெல்லாம் வலைத்தளம் என்ற முறையைக் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பழைய செயலிகளை இம்முறைக்கு மாற்றுவது கடினமாக இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின் பழைய முறையை 2006இல் கூடுதல் இணைப்பாகக் கொடுத்து, பின்னர் சர்வீஸ் பேக் 1இல் சேர்த்தனர். 2003 பதிப்பிலேயே தங்கியிருந்த வலை நிரலாளர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்டே பின்னர் திரும்பப் பெற்ற ஒரு மாற்றத்துக்காகக் காத்திருந்தவர்கள் அவர்களில் பலர்.

சி++ நிரலாளர்களின் சிக்கல் வேறுவகை. 2005 பதிப்பின் கம்பைலர் சி++ தரநிலையை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றியது. "ஃபார்" சுழலுக்குள் அறிவித்த மாறியை அதற்கு வெளியே பயன்படுத்தும் பழைய நிரல்கள் இயல்பு அமைப்பில் பிழை காட்டின. சரங்களைக் கையாளும் பழைய சி செயற்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வந்தது. நேரத்தைக் குறிக்கும் தரவு வகை இயல்பாகவே 64 பிட் ஆனதால், பழைய கோப்பு வடிவங்களைப் படிக்கும் நிரல்கள் கவனமாகச் சரிபார்க்கப்பட வேண்டியிருந்தன. இவை நல்ல மாற்றங்களே. ஆனால் பல லட்சம் வரிகள் கொண்ட நிரலில் நல்ல மாற்றத்துக்கும் மாதக்கணக்கில் உழைப்பு தேவை.

மாற விரும்பினாலும் மாற முடியாதவர்களும் இருந்தனர். பைத்தான் மொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விண்டோஸுக்கான பைத்தான் 2.4, 2.5 ஆகிய அதிகாரப்பூர்வப் பதிப்புகள் விஷுவல் ஸ்டுடியோ 2003இன் கம்பைலரால் உருவாக்கப்பட்டவை. பைத்தானுக்குச் சி மொழியில் நீட்சி எழுதுபவர்கள் அதே கம்பைலரையே பயன்படுத்த வேண்டும். வெவ்வேறு பதிப்புக் கம்பைலர்களின் அடிப்படை நூலகங்கள் ஒரே நிரலுக்குள் கலந்தால், ஒன்று ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்று விடுவிக்க முயலும்போது நிரல் நிலைகுலையும். பைத்தான் 2.5 வெளிவந்தது 2006 செப்டம்பரில். விஸ்டா ஆதரவு அறிவிப்பு வந்த அதே மாதம். பைத்தான் 2005 பதிப்பைத் தாண்டி நேரே விஷுவல் ஸ்டுடியோ 2008க்கு மாறியது 2008 அக்டோபரில் வந்த 2.6 பதிப்பில்தான். இடைப்பட்ட இரண்டாண்டுகளுக்கு, ஒரு திறமூலச் சமூகத்துக்குத் தேவையான கருவி விஸ்டாவில் ஆதரவற்றதாக இருந்தது. அந்தச் சமூகத்தினர் மைக்ரோசாஃப்டின் முடிவில் எந்தப் பங்கும் வகிக்காதவர்கள்.

விஷுவல் பேசிக் 6 என்னும் விதிவிலக்கு

அறிவிப்பைப் படித்தவர்களுக்கு வியப்பளித்தது 1998ஆம் ஆண்டின் கருவிக்கு ஆதரவு உண்டு, 2003ஆம் ஆண்டின் கருவிக்கு இல்லை என்பது. பழமைதான் அளவுகோல் என்றால் இது தலைகீழ்.

விஷுவல் பேசிக் 6 ஒப்பீட்டளவில் எளிமையான கட்டமைப்பு கொண்டது. ஐஐஎஸ் வழங்கியையோ டாட் நெட் சூழலையோ நம்பியிருக்கவில்லை. அதை விஸ்டாவில் இயக்குவது தொழில்நுட்ப அளவில் குறைந்த செலவுடையது. இது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது அதன் பயன்பாட்டு அளவு. உலகெங்கும் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த உள்மென்பொருள்களில் பெரும்பகுதி அம்மொழியில் எழுதப்பட்டது. டாட் நெட் வந்தபோது விஷுவல் பேசிக்கின் இலக்கணமே மாறியதால், பழைய நிரல்களை அப்படியே கொண்டுசெல்ல வழியில்லாமல் போனது. 2005 மார்ச்சில், மைக்ரோசாஃப்ட் சிறப்பு அங்கீகாரம் அளித்துப் போற்றிய வல்லுநர்கள் பலரே கையெழுத்திட்டு, பழைய விஷுவல் பேசிக்கைத் தொடர வேண்டும் என்று மனு அளித்தனர். மனு கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அம்மொழியைக் கைவிட்டால் எழும் சினத்தின் அளவை நிறுவனம் அறிந்திருந்தது.

இந்த விதிவிலக்கு சரியானதே. இங்கே விமர்சிக்க வேண்டியது, அதற்குப் பின்னிருந்த அளவுகோல் வெளிப்படையாகச் சொல்லப்படாததை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், மாறுவது எவ்வளவு கடினம், ஆதரிப்பதற்கு எவ்வளவு செலவு என்ற மூன்றையும் எடைபோட்டுத்தான் விஷுவல் பேசிக் 6 காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். அதே தராசில் 2003 பதிப்பை வைத்தால் என்ன எடை வருகிறது என்று நிரலாளர்களுக்குக் காட்டப்படவில்லை. அளவுகோல் தெரிந்திருந்தால், அடுத்த இயங்குதளத்தில் தங்கள் கருவிக்கு என்ன ஆகும் என்று அவர்களே முன்கூட்டிக் கணித்திருக்கலாம். தெரியாததால், அதிகமாகக் கூச்சலிடுபவர்களுக்குக் கிடைக்கும் என்ற பாடத்தையே பலர் எடுத்துக்கொண்டனர்.

இவ்வாதரவும் முழுமையானதன்று. விஷுவல் பேசிக் 6 நிரல்கள் இயங்கத் தேவையான அடிப்படைக் கோப்புகள் விஸ்டாவோடு சேர்ந்தே வந்தன. நிரல் எழுதும் சூழலுக்கான ஆதரவோ 2008 ஏப்ரலில் முடிந்தது. இங்கும் இயக்க உறுதி நீண்டது; திருத்த உறுதி குறுகியது.

ஆதரவு பெற்ற பதிப்பின் நிலை

2005 பதிப்புக்கு ஆதரவு உண்டு என்ற உறுதியும் நாட்காட்டியில் வைத்துப் பார்க்கத்தக்கது. வணிக நிறுவனங்களுக்கு விஸ்டா வந்தது 2006 நவம்பரில். ஆதரவுக்கு நிபந்தனையாகிய சர்வீஸ் பேக் 1 வந்தது டிசம்பரில். விஸ்டாவுக்கென்று தனியாகத் தேவைப்பட்ட கூடுதல் புதுப்பிப்பின் இறுதி வடிவம் வந்தது 2007 மார்ச்சில். பொதுப் பயனர்கள் விஸ்டாவை வாங்கத் தொடங்கியபோது, அதற்கு மென்பொருள் எழுதும் கருவி இன்னும் முழுமையாகத் தயாராகவில்லை.

அப்புதுப்பிப்பை நிறுவிய பின்னும் விஷுவல் ஸ்டுடியோவை நிர்வாகி உரிமையுடன் திறக்குமாறே பரிந்துரைக்கப்பட்டது. இதில் ஒரு முரண் உள்ளது. விஸ்டாவில் நிரல்கள் சாதாரணப் பயனர் உரிமையுடன் இயங்குமாறு எழுதப்பட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வலியுறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் நிர்வாகி உரிமையுடன் திறந்த கருவியிலிருந்து ஒரு நிரலை ஓட்டிப் பார்த்தால், அந்நிரலும் அதே உரிமையைப் பெற்றுவிடும். பயனரின் கணினியில் தடுக்கப்படும் செயல் நிரலாளரின் கணினியில் தடையின்றி நடக்கும். பிழை இருப்பதே அவருக்குத் தெரியாது. கவனமானவர்கள் நிரலைத் தனியே, சாதாரண உரிமையுடன் மீண்டும் ஓட்டிச் சோதித்தனர். மற்றவர்களின் பிழைகள் வாடிக்கையாளர் வீட்டில் வெளிப்பட்டன.

அன்றாட வேலையிலும் சிறு இடர்கள் இருந்தன. உயர் உரிமையுடன் இயங்கும் சாளரத்துக்குள் சாதாரண உரிமையுடைய சாளரத்திலிருந்து எதையும் இழுத்துப் போட விஸ்டா அனுமதிக்காது. கோப்புகளை எக்ஸ்புளோரரிலிருந்து விஷுவல் ஸ்டுடியோவுக்குள் இழுத்துப் போடும் பழக்கம் ஒரே நாளில் பயனற்றுப் போனது.

விஸ்டாவின் புதிய வசதிகளுக்கான கருவிகளும் பாதி நிலையிலேயே இருந்தன. விஸ்டாவோடு டாட் நெட் 3.0 வந்தது. அதிலிருந்த டபிள்யூபிஎஃப் என்னும் வரைகலை அடுக்கே விஸ்டாவின் பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்டது. அதற்குத் திரைகளை வடிவமைக்க உதவும் நீட்சி, 2005 பதிப்புக்கு 2006 நவம்பரில் முன்னோட்ட வடிவில் வந்தது; இறுதி வடிவம் வரவே இல்லை. முழுமையான வடிவமைப்புக் கருவி 2008 பதிப்பில்தான் கிடைத்தது. பழையதைப் பேணுவோருக்கும் கருவி இல்லை. புதியதைத் தொடங்குவோருக்கும் நிறைவான கருவி இல்லை என்ற நிலை ஓராண்டு நீடித்தது.

மைக்ரோசாஃப்ட் தரப்பு நியாயங்கள்

மறுதரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விஷுவல் ஸ்டுடியோவின் ஒவ்வொரு பதிப்பும் பல தரவரிசைகளிலும் பல மொழிகளிலும் வெளியானது. விஸ்டாவும் ஹோம் பேசிக் முதல் அல்டிமேட் வரை பல தரங்களில், 32 பிட், 64 பிட் என இரு வகைகளில் வந்தது. இவற்றின் ஒவ்வொரு சேர்க்கையையும் சோதிக்க வேண்டும். ஒரு பழைய பதிப்பைச் சேர்த்தால் சோதனைச் சுமை பல மடங்காகும். அதே குழுதான் ஆர்க்காஸையும் முடிக்க வேண்டியிருந்தது. 2003 பதிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு மாதமும் 2008 பதிப்பை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கும்.

பாதுகாப்பு என்ற காரணமும் உண்மையானது. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர்களுக்கு எழுதிய மடலுக்குப் பின் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக்கு முதலிடம் தந்தது. பயனர் கணக்குக் கட்டுப்பாடு பல மென்பொருள்களை உடைக்கும் என்பது தெரிந்தே கொண்டுவரப்பட்டது. எதையும் உடைக்காத மாற்றத்தால் பழைய பழக்கம் மாறியிருக்காது.

மாற்று வழியும் இருந்தது. மெய்நிகர் கணினி மென்பொருளான விர்ச்சுவல் பிசி 2006 ஜூலை முதல் இலவசமாகக் கிடைத்தது. விஸ்டாவுக்குள் எக்ஸ்பியை ஒரு மெய்நிகர் கணினியாக நிறுவி, அதில் 2003 பதிப்பை இயக்கலாம். நினைவகம் குறைவாக இருந்த அக்காலக் கணினிகளில் இது மெதுவான வழி. எக்ஸ்பிக்குத் தனி உரிமமும் தேவை. இருந்தும் இது ஒரு வழியே.

இந்நியாயங்கள் 2003 பதிப்பைக் கைவிட்டதை விளக்குகின்றன. 2005 பதிப்பிலேயே 1.1 நிரல்களை உருவாக்க ஏன் உள்ளமைந்த வழி செய்யப்படவில்லை என்பதை அவை விளக்கவில்லை. பழைய பட்டறையை மூடுவதற்குக் காரணம் சொன்ன நிறுவனம், பழைய பொருளைப் புதிய பட்டறையில் பழுதுபார்க்கும் வழியை முழுமையாகத் திறக்கவில்லை.

ஆப்பிளுடன் ஓர் ஒப்பீடு

அதே காலத்தில் ஆப்பிள் நிறுவனமும் தன் நிரலாளர்களிடம் பெரிய மாற்றம் ஒன்றைக் கேட்டது. 2005 ஜூன் 6 அன்று, மாக் கணினிகள் பவர்பிசி செயலிகளிலிருந்து இன்டெல் செயலிகளுக்கு மாறும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். அன்றே எக்ஸ்கோட் 2.1 வெளியிடப்பட்டது. ஒரே நிரலை இருவகைச் செயலிகளுக்கும் சேர்த்து உருவாக்கும் வசதி அதில் இருந்தது. இன்டெல் மாக் கடைக்கு வந்தது 2006 ஜனவரியில். வன்பொருளுக்கு முன்பே கருவி வந்தது. பழைய செயலிக்கும் புதிய செயலிக்கும் ஒரே கருவி போதுமானதாக இருந்தது.

ஆனால் எக்ஸ்கோடுக்கு வெளியே, கோட்வாரியர் என்னும் கருவியில் பல்லாண்டு எழுதப்பட்ட பெரிய மென்பொருள்கள் தவித்தன. கோட்வாரியர் இன்டெல் மாக்குகளை ஆதரிக்கவில்லை. எல்லாவற்றையும் எக்ஸ்கோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இன்டெல் மாக்குக்கென்று உருவான ஃபோட்டோஷாப் 2007 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே ஆப்பிள் மென்மையாக நடந்துகொண்டது என்று சொல்ல முடியாது. அது கடுமையாகவும் தெளிவாகவும் நடந்துகொண்டது: போக வேண்டிய இடம் ஒன்று, அதற்குரிய கருவி தயார், கிளம்ப வேண்டிய நாள் இன்று. மைக்ரோசாஃப்ட் பழைய மென்பொருள்களிடம் காட்டிய பொறுமை ஆப்பிளிடம் இல்லை. மைக்ரோசாஃப்டிடம் இல்லாதது அந்தத் தெளிவும், கருவி முதலில் வர வேண்டும் என்ற வரிசையும்.

பின்விளைவுகள்

விஷுவல் ஸ்டுடியோ 2008இல் மைக்ரோசாஃப்ட் தன் பிழையை ஓரளவு திருத்திக்கொண்டது. ஒரே கருவியிலிருந்து டாட் நெட் 2.0, 3.0, 3.5 ஆகியவற்றில் எதற்கு வேண்டுமானாலும் நிரல் உருவாக்கும் வசதி வந்தது. பின்வந்த பதிப்புகளும் இவ்வழியைத் தொடர்ந்தன. கருவியின் பதிப்பும் நிரலின் இலக்கும் வேறுவேறாக இருக்கலாம் என்ற கருத்து அதன்பின் விண்டோஸ் நிரலாளர்களுக்கு இயல்பானதாயிற்று.

ஆனால் அப்பட்டியலில் 1.1 இல்லை. எந்தச் சிக்கலுக்கு விடையாக இவ்வசதி பொருத்தமாயிருந்ததோ, அச்சிக்கலில் மாட்டியவர்களுக்கு அது பயன்படவில்லை. அவர்கள் தம் மென்பொருளை 2.0க்கு மாற்றினர், அல்லது எக்ஸ்பி கணினி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வைத்தனர். விண்டோஸ் 8இல் டாட் நெட் 1.1க்கான இயக்க ஆதரவும் நிறுத்தப்பட்டதோடு இந்த இடைவெளி தானாக முடிவுக்கு வந்தது. விஷுவல் பேசிக் 6 நிரல்களோ விண்டோஸ் 11இலும் இயங்குகின்றன. 1998இன் மென்பொருள் 2003இன் மென்பொருளைவிட நீண்ட ஆயுள் பெற்றது.

மதிப்பீடு

2003 பதிப்பைக் கைவிட்ட முடிவு தன்னளவில் தவறானதன்று. அது வந்த காலம், அதன் அளவுகோலை விளக்காமை, அதற்கு மாற்றாக ஒரு பாலம் அமைக்காமை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தவறாக்கின. மூன்றில் கடைசியானதே பெரிது. இயங்கும் மென்பொருளுக்கு ஆதரவு தருவது, அது ஒருபோதும் பழுதாகாது என்ற நம்பிக்கையின் மேல் தரப்படுவதில்லை. பழுது வரும் என்பது தெரிந்ததே. அப்படியிருக்க, இயக்க ஆதரவு உள்ளவரை திருத்துவதற்கான ஏதேனும் ஒரு வழிக்கும், அது பழைய கருவியாயினும் புதிய கருவியின் வழியாயினும், ஆதரவு இருந்திருக்க வேண்டும்.

விஸ்டா இன்று வரலாறு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஓர் இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு முன்பு இதே வகை அறிவிப்பு வருகிறது. அதைப் படிக்கும் மாணவரும் இளம் நிரலாளரும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆதரவு என்பது இயக்கத்துக்கா, உருவாக்கத்துக்கா, இரண்டுக்குமா? கருவி இயங்குதளத்துக்கு முன்பு வருகிறதா, பின்பா? பழைய இலக்குக்குப் புதிய கருவியிலிருந்து நிரல் உருவாக்க முடியுமா? எது காப்பாற்றப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதற்கு ஒரே அளவுகோல் தெரிகிறதா? இந்நான்குக்கும் தெளிவான விடை இருக்குமானால், கைவிடப்பட்ட கருவியின் பயனரும் தம் வேலையைத் திட்டமிட்டுக்கொள்ளலாம். 2006இல் விஷுவல் ஸ்டுடியோ 2003இன் பயனருக்கு முதல் கேள்விக்கு மட்டுமே தெளிவான விடை கிடைத்தது. மற்ற மூன்றுக்கும் விடையை அவர் எக்ஸ்பியிலேயே காத்திருந்துதான் அறிய வேண்டியிருந்தது.